ஆயிரங்கால் மண்டபம் வரை கேட்குமா?

ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான்: "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும் சார்?" பள்ளிக்கூடத்தில் பேசப் போனால் பிள்ளைகள் கேட்பார்கள். தீயணைப்புத் துறையில் இருக்கும் நண்பர் கேட்பார். என் சம்பந்தியும் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண் என்னிடம் இருக்கிறது. காகிதத்தில் போட்டுக் காட்டவும் தெரியும். ஆனாலும் சொல்ல மனம் வருவதில்லை. அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் ரேடியோக்காரன், பேச்சுவழக்கில் ஹாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு ஒன்று போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. தொலைபேசி செத்துப்போன தீவுகளிலிருந்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அவர்கள் ரேடியோவில் நிலப்பரப்புக்கு அனுப்பினார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, மோர்ஸும் மின்னணுவியலும் படித்து, உரிமத் தேர்வு எழுதினேன்.

அதற்கும் முன்னாலேயே விதை விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. டெல்டாவிலும் தென்கடற்கரையிலும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் என் அத்தை வீட்டிலும் அப்படி ஒரு குழாய் உண்டு. ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் சன்னலில் நின்று "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கத்த, கீழே நாங்கள் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்போம். சில இரவுகளில் படம் கண்ணாடிபோல் இருக்கும். மறுநாள் அதே நேரம் வெறும் புள்ளிமழை. கடலின் மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான உலர்ந்த காற்றும் அடுக்காகப் படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கிக் குழாய்க்குள் போவதுபோல் வெகுதூரம் போகும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், தூரத்திலிருந்து ஒன்று வந்து சேர்கிறது என்ற ஆனந்தம் மட்டும்தான்.

அந்த ஆனந்தம் இன்னும் என்னை விடவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பங்குனி மாதத்துப் பின்னிரவில் எங்கள் ரிப்பீட்டரில் காரைக்கால் பக்கத்து நண்பர் ஒருவர் குரல் கேட்டால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. ஆனால் அந்தக் குரல் வந்ததை வைத்து ரிப்பீட்டரின் எல்லையைச் சொல்லக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு வெகு காலம் பிடித்தது. கற்றுக்கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் பொன்மலை இரயில்வே காலனியில் வாழ்ந்த, வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து டீச்சர்.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் பிடிக்கும் ஹேண்டியின் சக்தி பெரும்பாலும் 5 வாட். இரண்டு பேர் தெருவில் நின்று நேரடியாகப் பேசினால் ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போவதே பெரிது. உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைத்து, கீழிருந்து வரும் குரலை அது ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும்படி செய்தால் அந்த இருவரும் எட்டாத தூரத்தில் இருந்தும் பேசலாம். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டை உண்டு. அதில் வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். ஒரே ஆன்டெனாவில் 25 வாட் அனுப்பிக்கொண்டே, அதைவிட ஏறத்தாழ இருநூறு கோடி கோடி மடங்கு மெலிந்த சிக்னலையும் அது கேட்டாக வேண்டும். டூப்ளெக்ஸர் என்ற வடிகட்டிப் பெட்டிதான் அதைச் சாத்தியமாக்குகிறது. உருளை உருளையாய் நிற்கும் அந்தப் பெட்டியின் திருகை ஒரு நூல் அளவு திருப்பிவிட்டாலும் ரிப்பீட்டரின் காது மந்தமாகிவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. அதன் குரல் மட்டும் எப்போதும்போல் கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பெட்டி கண்டோன்மென்ட் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தின் மேல் இருக்கிறது. ஆன்டெனா தரையிலிருந்து 40 மீட்டர். மலைக்கோட்டை உச்சியில் வைக்கலாமே என்று கேட்காத ஆளில்லை. 83 மீட்டர் உயரப் பாறை ஊருக்கு நடுவில் நிற்கும்போது ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அங்கே பல்லவர் குடைவரை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். மகேந்திரவர்மன் குடைந்த பாறையின் தலையில் என் கம்பி ஆட வேண்டாம்.

இனி அந்த எண். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அதன் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று உயரம் போகப் போக அடர்த்தி குறைவதால் அலைகள் பூமியின் வளைவைத் தழுவிக் கொஞ்சம் வளைகின்றன. கண் பார்வைக்கு 3.57 என்று வரும் பெருக்கெண் ரேடியோவுக்கு 4.12 ஆவது அதனால்தான். 40 மீட்டருக்கு 26 கிலோமீட்டர். கையில் ஹேண்டி வைத்திருப்பவரின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் அவர் பங்குக்கு 5. ஆக மொத்தம் 31. பாறை உச்சியில் வைத்தால் 42க்கு மேல் வந்திருக்கும். கண்டோன்மென்டை மையமாக வைத்து 31 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் லால்குடி உள்ளே, விராலிமலை உள்ளே, மணப்பாறை வெளியே, தஞ்சாவூர் வெகு வெளியே. சுவரில் மாட்டப் பார்வையான படம்.

பொன்மலைப் பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல வாட் எங்க இருக்கு?"

சூத்திரத்தில் வாட் கிடையாது. கேபிள் இல்லை, கட்டடம் இல்லை, ஹேண்டியை இடுப்பில் சொருகியிருக்கிறாரா முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாரா என்பது இல்லை. பூமி உருண்டை மறைக்காத தூரம் எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

"பெட்டியோட வாய் எம்புட்டு தூரம் போகுதுன்னு பாக்காதீங்க. காது எம்புட்டு தூரம் போகுதுன்னு பாருங்க" என்றார். இரயில்வேயில் யார்டு முழுக்க நடந்து நடந்து சோதித்த மனிதர். ரிப்பீட்டர் 25 வாட்டில் பேசுகிறது, ஹேண்டி 5 வாட்டில் பேசுகிறது. ஐந்து மடங்கு வித்தியாசம். ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிற இடத்திலிருந்து நாம் பேசினால் அதன் காதில் விழாமல் போகலாம். அங்கே நிற்பவருக்கு இது தெரியாது. எல்லாருடைய பேச்சும் அவருக்குத் தெளிவாக வந்துகொண்டிருக்கும். தன் பேச்சும் போகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

பிறகு அவர் ஒரு நோட்டுத் தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். வங்கிக்காரனான எனக்கு அது பேரேடு எழுதுவதுபோலத்தான் இருந்தது: வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், கடைசியில் மிச்சம். எழுதுவது டெசிபலில். 3 டெசிபல் என்றால் இரு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. 5 வாட் ஹேண்டியை 37 என்று எழுத வேண்டும். ஹேண்டியின் குட்டை ரப்பர் ஆன்டெனா 6ஐத் தின்றுவிடும். ரிப்பீட்டர் ஆன்டெனா ஒரு 6 கொடுக்கும்; கேபிளும் டூப்ளெக்ஸரும் 3 எடுத்துக்கொள்ளும். கேபிள் நல்லதாக இருந்தால்தான் இந்த 3. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை முப்பது மீட்டருக்குப் போட்டிருந்தால் அதுமட்டுமே 6ஐ விழுங்கியிருக்கும்; முக்கால் பங்கு சக்தி கேபிளைச் சூடாக்கவே போய்விடும். பெட்டி புரியும்படி கேட்க மைனஸ் 119 வரை தாங்கும்.

பெரிய பற்று வழியில்தான். வெட்டவெளி சூத்திரப்படி தூரம் இரட்டித்தால் இழப்பு 6 டெசிபல் கூடும். தரையில் எதிரொலித்த அலையும் நேரே வந்த அலையும் மோதிக்கொள்ளும் நிஜ உலகில் அது 12 வரை போகும். ஊருக்குள் எவ்வளவு என்பதை ஜப்பானில் ஒகுமுரா தோக்கியோ வட்டாரத்தில் வண்டியில் சுற்றி அளந்து 1968இல் வெளியிட்டார். அந்த வரைபடங்களை ஹாத்தா 1980இல் சூத்திரமாக்கினார். எங்கள் பெட்டியிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீரங்கத்து வீதிக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் இழப்பு 133 டெசிபல் சுமாருக்கு வருகிறது. கூட்டிக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 20.

முப்பத்தொரு கிலோமீட்டர் வட்டம் போட்டவனுக்கு, ஏழாவது கிலோமீட்டரிலேயே 20 டெசிபல்தான் கையிருப்பு. அந்தத் தாளை நான் இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த இருபதும் எப்படிச் செலவாகும் என்பதைக் காட்டியவர் டீச்சர். உத்திர வீதிக்காரர். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் ஹாம் உரிமம் எடுத்தவர். எங்கள் வட்டத்தில் பெண்களை ஒய்எல் என்று அழைப்பது வழக்கம். இவரை மட்டும் எல்லோரும் டீச்சர் என்றுதான் அழைப்போம். வைகுண்ட ஏகாதசிக்கு முன் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, என் வட்டப் படத்தை விரித்து, ஸ்ரீரங்கத்துக்குக் கவலையே இல்லை, மையத்துக்குப் பக்கம் என்றேன்.

"தம்பி, சொர்க்கவாசல் திறந்ததும் கூட்டம் அப்படியே ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் சாயும். பிள்ளைகள் தொலைவது அங்கேதான். அங்கிருந்து நான் பேசினா கேக்குமா?" என்றார்.

என் படம் அதற்குப் பதில் சொல்லாது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

சோதனையை எப்படிச் செய்வது என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஹாம்கள் வழக்கமாகச் செய்வது, பட்டனை அழுத்தி "காப்பி பண்றீங்களா?" என்று கேட்பது. "காப்பி, காப்பி" என்று பதில் வரும், திருப்தியாகிவிடும். டீச்சர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்முனையில் இருப்பவருக்கு முன்கூட்டித் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அவர் அதை எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும். அவர் தயாரித்த செய்திகள் இப்படி இருந்தன: "ஏழு வயதுப் பையன், மஞ்சள் சட்டை, பெயர் முகுந்தன், வெள்ளைக் கோபுர வாசலில் பாட்டி காத்திருக்கிறார்." வயது தவறினால் தோல்வி. சட்டை நிறம் தவறினால் தோல்வி. மறுபடி கேட்டு வாங்கினால் அரை வெற்றிகூட இல்லை. கூட்டத்தில் நிற்பவருக்கு மறுபடி சொல்ல நேரமிருக்காது என்பது அவர் வாதம். ஒரே இடத்தில் நின்று சோதிக்கவும் அவர் விடவில்லை. இரண்டு மீட்டர் அலைக்கு, ஓரடி ஈரடி நகர்ந்தாலே சிக்னல் செத்த இடமும் உயிருள்ள இடமும் மாறி மாறி வரும். ஒவ்வொரு வாசலிலும் மூன்று நான்கு இடங்களில் நின்று, முகத்துக்கு நேராக ஒரு முறை, இடுப்பில் சொருகி ஒரு முறை பேசினோம்.

அம்மா மண்டபம் படித்துறையில் எதுவும் பிசகவில்லை. முன்னால் ஆறு, மறைக்க ஒன்றுமில்லை. இராஜகோபுரத்துக்கு வெளியே தெருவில் கையில் பிடித்துப் பேசினால் முழுச் செய்தியும் போனது. 1987இல் கட்டி முடித்த 236 அடி கோபுரத்துக்கு உள்ளே, அதன் வடக்குப் பக்கம் போனதும் குரலில் மணல் விழ ஆரம்பித்தது. ஏழு பிராகாரம் என்பது பக்தர்களுக்கு ஏழு. அலைக்கு அது ஒன்றன்பின் ஒன்றாகக் கருங்கல் மதில். உத்திர வீதிகளில் ஹேண்டியை இடுப்பில் சொருகிப் பேசியவர்களின் வயது, நிறம் இரண்டும் தவறின. உடம்பு ஒரு பத்து டெசிபலுக்குக் குறையாமல் குடித்துவிடுகிறது. கையிருப்பில் பாதி அங்கேயே போச்சு. ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்களுக்கிடையே பத்தடி உள்ளே போனதும் ரிப்பீட்டர் திறந்தது, "க்ளிக்" என்ற ஓசையும் கேட்டது, ஆனால் சொல் ஒன்றும் போகவில்லை. ரிப்பீட்டரைத் திறக்க மெல்லிய சிக்னல் போதும். ஒரு பையனின் சட்டை நிறத்தை அனுப்ப அது போதாது.

அதே வாரம் நான் முக்கொம்புக்குப் போனேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனதிலிருந்து, வெள்ளக் காலத்தில் அந்தக் கரையிலிருந்து ஒருவர் பேச முடிய வேண்டும் என்பது என் மனதில் இருந்தது. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை அது. எங்கள் பெட்டியிலிருந்து நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்தைப்போல் இரண்டு பங்கு தூரம். கரையில் நின்று அதே 5 வாட் ஹேண்டியில் பேசினேன். வயது, சட்டை, பெயர், வாசல், பாட்டி அத்தனையும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தன. காரணம் புரியாததல்ல. மணலும் தண்ணீரும் வாழைத்தோப்புமாக வெட்டவெளி. ஹாத்தாவின் சூத்திரத்திலேயே, நகரத்துக்குப் பதில் திறந்த வெளி என்று மாற்றிப் போட்டால் இந்த அலைவரிசையில் 20 டெசிபலுக்கு மேல் மீள்கிறது. காகிதத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் 15 கிலோமீட்டர் எல்லைக்குள், 7 கிலோமீட்டர் எல்லைக்கு வெளியே என்பதைக் காதால் கேட்டபோது என்னுடைய வட்டம் எனக்கே அந்நியமாகப் போய்விட்டது. ரிப்பீட்டரின் எல்லை வட்டமல்ல. அது விரல் விரித்த கைபோல ஆற்றங்கரை ஓரமாக நீளும், அக்ரகாரத்துக்குள் சுருங்கும், நடுவில் ஓட்டைகளும் இருக்கும்.

அந்த ஓட்டைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவானைக்காவல் பக்கம் சில தெருக்களில், ஸ்ரீரங்கத்தைவிடத் தொலைவு குறைவாக இருந்தும், சிக்னல் சட்டென்று மெலிந்தது. கட்டடங்கள் பெரிதில்லை. படத்தில் அளவுகோலை வைத்தபோது தெரிந்தது: கண்டோன்மென்டிலிருந்து அந்தத் தெருக்களுக்கு இழுக்கும் கோடு நேராக மலைக்கோட்டைப் பாறை வழியாகப் போகிறது. எங்கள் ஆன்டெனா 40 மீட்டர், பாறை 83. பாறையின் நிழல் காவிரியைத் தாண்டி அங்கே விழுகிறது. ஒளியின் நிழல்போல் கூர்மையாக விழாது. அலை உச்சியிலும் ஓரங்களிலும் வளைந்து கொஞ்சம் உள்ளே நுழையும். கணக்குப் போட்டால் உச்சி வழியாக வருவதில் 15 டெசிபல் அளவு இழப்பு. 5 வாட் ஹேண்டி கால் வாட்டுக்கும் கீழானதாக நடந்துகொள்ளும். ஊரே அண்ணாந்து பார்க்கும் பாறை எங்களுக்கு மறைப்பாக நிற்கிறது.

பாறை இல்லாவிட்டாலும், கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதற்கில்லை. அலைக்கு வழி ஒரு நூல்போல் இருக்காது, நடுவில் பருத்திருக்கும். ஏழு கிலோமீட்டர் வழிக்கு இந்த அலைவரிசையில் நடுப்பகுதியின் ஆரம் 60 மீட்டர். எங்கள் கோடு நடுவழியில் தரைக்கு மேல் 20 மீட்டரில்தான் போகிறது. அந்தப் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. உயரத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பது இதில்தான் எனக்கு உறைத்தது. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல். ஆன்டெனாவின் உயரத்தை இரட்டித்தால் சமதரையில் 6. அதுவும் வாய்க்கும் காதுக்கும் சேர்த்து.

பெரியவர் சொன்னபடி காதுதான் பலவீனமான பக்கம் என்று நான் நிம்மதியாக இருந்தபோது, ஏகாதசி விளக்குகள் அதையும் மாற்றின. பகலில் நன்றாகக் கேட்ட ஒரு வீதியில் இரவு ஏழு மணிக்கு ரிப்பீட்டரின் குரலே இரைச்சலில் அமிழ்ந்தது. சரம் சரமாகத் தொங்கிய எல்இடி விளக்குகளின் மலிவான மின்மாற்றிகளும் ஜெனரேட்டர்களும் சேர்ந்து எழுப்பிய ரேடியோ இரைச்சல் அது. அங்கே நின்றவர் பேசியது போய்ச் சேர்ந்தது. பதில்தான் அவருக்குக் கேட்கவில்லை. ஆக, எந்தப் பக்கம் பலவீனம் என்பதும் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். திருவிழாவுக்கு வேண்டிய எல்லையைத் திருவிழா விளக்கு எரியும்போதுதான் அளக்க முடியும். இதைப் பெரியவரிடம் சொன்னபோது, "யார்டுலயும் அப்படித்தான் தம்பி, வெல்டிங் ஓடும்போதுதான் டெஸ்ட் பண்ணுவோம்" என்றார். அவருக்குத் தெரியாததில்லை, கேட்டால் சொல்லியிருப்பார்.

தீர்வு என்று செய்தது சின்ன விஷயம்தான். மண்டபத்துக்குள் ரேடியோவைப் பேச வைக்கும் முயற்சியை விட்டுவிட்டோம். உள்ளே இருப்பவர் வெளியே மணல்வெளியில் நிற்பவரிடம் ஹேண்டிக்கு ஹேண்டி நேராகப் பேசுவார். இவர் அங்கிருந்து டீச்சர் வீட்டு மொட்டைமாடிக்குச் சொல்வார். மொட்டைமாடியிலிருந்து ரிப்பீட்டருக்குப் போகும். உள்ளே பேச 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் பட்டை தோதாக இருந்தது. அந்த அலையின் நீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு என்பதால் தூண் இடைவெளிகளில் நன்றாக நுழைகிறது. மொட்டைமாடிக்கு டீச்சரே ஓர் ஆன்டெனா செய்தார். பழைய டிவி ஆன்டெனாக்களிலிருந்து வீட்டுக்குள் இறங்கிவரும் தட்டையான ரிப்பன் கேபிள் நினைவிருக்கும். அதில் ஒன்றரை மீட்டர் வெட்டி, ஜே-போல் என்ற அளவில் சுரண்டி ஒட்டி, பிவிசி குழாய்க்குள் நுழைத்து, துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிவிட்டார். ரப்பர் ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் அது தரும் இலாபமும், மூன்று மாடி உயரம் தரும் இலாபமும் சேர்ந்து, ஏழு வயதுப் பையனின் மஞ்சள் சட்டை பிசகாமல் கண்டோன்மென்ட் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு எல்லையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வெள்ளமோ புயலோ வந்தால் முதலில் போவது கரண்ட். எங்கள் பெட்டி 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பேசும்போது 6 ஆம்பியர் இழுக்கும், சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர். மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேச்சு ஓடினால் சராசரி 2.3. நூறு ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்று வைத்தால் 21 மணி நேரம். அதன்பின் ரிப்பீட்டரின் எல்லை பூஜ்ஜியம் கிலோமீட்டர். பெட்டியை நம்பி ஆற்றங்கரையில் ஆளை நிறுத்துபவர் 31 கிலோமீட்டரைத் தெரிந்துகொள்வதைவிட இந்த 21 மணி நேரத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். மழை இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது. செய்யும் என்று பலரும் நினைப்பது தவறு. ஆனால் சரியாக ஒட்டாத இணைப்பியில் மழைத்தண்ணீர் இறங்கினால் கேபிளே ஈரமாகி எல்லாம் குறையும். ஐப்பசிக்கு முன் ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

வட்டப் படத்தை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்பவர்களுக்கு ஒரு பக்கத் தாள் தருகிறேன். அம்மா மண்டபம்: கையில் பிடித்து, இடுப்பில் சொருகி, இரண்டுக்கும் சரி. முக்கொம்பு கரை: கையில் பிடித்துச் சரி. உத்திர வீதிகள்: கையில் பிடித்து மட்டும், விளக்கு எரியும் நேரம் காதில் இயர்போன் வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் உள்ளே: நேரடியாக முடியாது, இடையாள் தேவை. திருவானைக்காவல் பாறை நிழல் தெருக்கள்: மொட்டைமாடி ஏறினால் சரி. துவாக்குடி: வண்டியில் வைத்த ரேடியோ சரி, ஹேண்டி நிச்சயமில்லை. ஒவ்வொரு வரிக்கும் எந்த மாதம், எந்த நேரம் சோதித்தது என்று பக்கத்தில் எழுதியிருக்கும். "அப்ப எத்தனை கிலோமீட்டர்தான் சார்?" என்று அதற்குப் பிறகும் கேட்பவர்கள் உண்டு. "நீங்க எங்க நின்னு பேசப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அவர்களிடம் அதற்கு ஓர் இடம் இருக்கிறது: மாமனார் வீடு, வயல், பிள்ளை படிக்கும் கல்லூரி. அங்கே போய் நின்று பார்த்துவிடலாம்.

பெரியவர் காலமாகிவிட்டார். தாளின் அடியில் கணக்கு அவருடையது என்று போட்டிருக்கிறேன். டீச்சர் போன வாரம் கூப்பிட்டார். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் உயரமான கட்டடம் ஒன்று எழும்பியிருக்கிறதாம். கீழ உத்திர வீதியில் குரல் முன்னைப்போல் இல்லை என்கிறார். சனிக்கிழமை காலை அவர் அந்த வீதியில் நடப்பார், நான் இங்கே எழுதுவேன். இந்த முறையும் செய்திகளை அவர் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.